நுங்கம்பாக்கத்தில் ஜனவரி முதல் வாரம்: பழைய சென்னை ஓப்பன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டி நின்றுவிட்டது என்கிறீர்கள். போன வருடம்கூட அந்தப் பெயரில் ஏதோ நடந்ததே?

நடந்தது. ஆனால் அது வேறு. 2022-லும் 2025-லும் சென்னை ஓப்பன் என்ற பெயரில் நடந்தவை பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டிகள். நடுநடுவே ஆண்களுக்கு சேலஞ்சர் என்ற அடுத்த படிநிலைப் போட்டிகளும் அதே மைதானத்தில் நடக்கின்றன. இங்கே பேசப்போவது 1997 முதல் 2017 வரை, 21 வருடம், நுங்கம்பாக்கத்தில் நடந்த ஆண்களுக்கான ஏடிபி போட்டியைப் பற்றி (ஏடிபி ஆண்களின் தொழில்முறை டென்னிஸ் சுற்று, டபிள்யூடிஏ பெண்களுடையது). ராஃப்டரும் நடாலும் வாவ்ரிங்காவும் வந்து ஆடியது அதில்தான். சென்னைக்காரர்கள் வெறுமனே "ஓப்பன்" என்று சொன்னாலும் அதுதான் பொருள்.

அது சென்னையிலேயே பிறந்ததா?

இல்லை. பிறந்தது டெல்லியில், 1996-ல். முதல் பட்டத்தை சுவீடனின் தாமஸ் என்க்விஸ்ட் வென்றார். இறுதியில் தோற்றவர் ஜிம்பாப்வேயின் பைரன் பிளாக். மறு வருடமே போட்டி சென்னைக்கு வந்துவிட்டது.

இந்த ஒரு தகவலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2017-ல் போட்டி புனேவுக்குப் போனபோது "நம்ம ஓப்பனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்" என்று நகரமே புலம்பியது. நானும் புலம்பினேன். ஆனால் இதே ஓப்பனை டெல்லியிலிருந்து இங்கே கொண்டுவந்தபோது நாம் யாரும் டெல்லிக்காரர்களுக்காக வருத்தப்படவில்லை. பைரன் பிளாக் மட்டும் கணக்கைத் தீர்த்தார்: டெல்லியில் தவறவிட்ட பட்டத்தை 1999-ல் சென்னையில் எடுத்துக்கொண்டார்.

டெல்லியை விட்டு ஏன் சென்னை?

முதலில், மைதானம் தயாராக இருந்தது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் மதராஸில் நடந்தபோது நுங்கம்பாக்கத்தில் ஒரு டென்னிஸ் அரங்கம் எழுந்தது. கிட்டத்தட்ட 5,800 பேர் உட்காரலாம். போட்டி முடிந்ததும் அவ்வளவு பெரிய அரங்கத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஓப்பன் பதிலாக வந்தது. நகரத்தின் பெயர் 1996-ல் சென்னை ஆனது. 1997-ல் ஓப்பன் வந்தது. அதனால் "மதராஸ் ஓப்பன்" என்று அதை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், இந்த ஊருக்கு டென்னிஸ் புதிதல்ல. விம்பிள்டனில் 1960, 1961 இரண்டு வருடமும் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணன், அவர் மகன் ரமேஷ், அமிர்தராஜ் சகோதரர்கள் மூவர் என்று இந்திய டென்னிஸின் ஒரு பெரிய பாகம் இங்கேதான் குடியிருந்தது. கொல்கத்தாப் பையன் லியாண்டர் பயஸ் பயிற்சிக்கு வந்து தங்கியதும் சென்னையில் அமிர்தராஜ் குடும்பம் நடத்திய பள்ளிக்குத்தான். ஆட்டம் தெரிந்த பார்வையாளர் கூட்டம் இங்கே ஏற்கெனவே இருந்தது. டபுள் ஃபால்ட்டுக்கு, அதாவது ஒருவர் இரண்டு சர்வையும் தவறவிட்டுப் புள்ளியை இழக்கும்போது, கைதட்டக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. (நம்ம ஆள் எதிரில் ஆடினால் மட்டும் தட்டுவோம், அது வேறு விஷயம்.)

பெயர் ஏன் மாறிக்கொண்டே இருந்தது?

காசு கொடுப்பவர் மாறியதால். முதலில் கோல்டு ஃப்ளேக் ஓப்பன். அது சிகரெட் பெயர். இன்று நினைத்தால் விசித்திரம்தான், விளையாட்டு வீரர்கள் கோப்பையைத் தூக்கும் மேடையில் சிகரெட் பெயர். அன்று கிரிக்கெட்டிலும் அதுதான் வழக்கம். புகையிலை நிறுவனங்கள் விளையாட்டிலிருந்து விலக, 2003-ல் சட்டமே அந்த விளம்பரங்களைத் தடை செய்தது. அதற்கு முன்பே, 2002-ல், போட்டி டாடா ஓப்பன் ஆகியிருந்தது. 2005 முதல் சென்னை ஓப்பன். 2010 முதல் கடைசி வரை ஏர்செல் சென்னை ஓப்பன்.

ஜனவரி முதல் வாரம் என்பது எப்போது வந்தது?

ஆரம்பத்தில் ஏப்ரலில் நடந்தது. சென்னை ஏப்ரலில் டென்னிஸ்! ராஃப்டர் 1998-ல் பட்டம் வென்றது அந்த வெயிலில்தான். அமெரிக்க ஓப்பன் சாம்பியனாக வந்தவர், இங்கே ஜெயித்துவிட்டு அதே வருடம் அமெரிக்க ஓப்பனை மறுபடியும் வென்றார்.

2001-லிருந்து ஜனவரி. ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு இரண்டு வாரம் முன்னால், வருடத்தின் முதல் போட்டிகளில் ஒன்று. இந்த மாற்றம்தான் ஓப்பனை ஊரோடு ஒட்டவைத்தது என்பேன். மார்கழிக் கச்சேரிகள் முடியும் நேரம், புத்தகக் காட்சி வரும் நேரம், பொங்கலுக்கு இன்னும் பத்து நாள். வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் இன்னும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அரையாண்டு விடுமுறை அப்போதுதான் முடிந்திருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் காற்று கொஞ்சம் குளிரும். சென்னைக்காரர் ஸ்வெட்டர் எடுக்கும் குளிர், ஐரோப்பியர் சட்டையைப் பிழியும் புழுக்கம். இரண்டும் ஒரே வெப்பநிலை.

மைதானம் சரியாக எங்கே?

வள்ளுவர் கோட்டத்துக்குப் பக்கத்தில், லேக் ஏரியா என்று சொல்லப்படும் பகுதியில். ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த வட்டாரம் அது. ஏரி போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். கார் எடுத்துக்கொண்டு போனவர்கள் நிறுத்த இடம் தேடித் தேடி முதல் செட்டைக் கோட்டைவிடுவார்கள்.

250 என்று சொல்கிறார்களே, என்ன கணக்கு?

ஆண்கள் டென்னிஸில் படிநிலைகள் உண்டு. உச்சியில் நான்கு கிராண்ட் ஸ்லாம், கீழே 1000, 500, 250. வென்றவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிதான் அந்த எண். சென்னை எப்போதும் கடைசிப் படியில்தான் இருந்தது. 250 என்ற பெயர் 2009-லிருந்து. ஆனாலும் தெற்காசியாவில் அந்த நிலையில் பெரும்பாலான வருடங்களில் ஆண்களுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

அப்படியானால் ஃபெடரரும் ஜோகோவிச்சும் ஏன் வரவில்லை?

அதே வாரத்தில் தோஹாவில் ஒரு போட்டி, ஆஸ்திரேலியாவிலேயே இன்னொன்று. மெல்போர்னுக்குத் தயாராகிறவர் பிரிஸ்பேனில் இறங்கினால் விமானப் பயணம் மிச்சம், மைதானமும் பழகிவிடும். தோஹாவிடம் பணம் இருந்தது. பெரிய வீரர்கள் இந்த அளவுப் போட்டிகளுக்கு வர, பரிசுத்தொகை தவிர வருகைக்கென்று தனியாக ஒரு தொகை வாங்குவார்கள்; விதிப்படி அது அனுமதிக்கப்பட்டதுதான். அந்த ஏலத்தில் சென்னை தோஹாவோடு மோத முடியாது.

அதனால் சென்னைக்கு வந்தவர்கள் இரண்டு வகை. மேலே ஏறிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் ஒன்று. 2004-ல் 17 வயது நடால் வந்து, டாமி ரொப்ரெடோவோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். 2009-லும் 2010-லும் மரின் சிலிச். 2012-ல் மிலோஸ் ராவ்னிச், வாரம் முழுக்க தான் சர்வ் செய்த ஒரு கேமைக்கூட இழக்காமல், மூன்று செட்டும் டைபிரேக்கர் (6-6 சமநிலையை முடிக்கும் கூடுதல் ஆட்டம்) வரை போன இறுதியில் செர்பியாவின் டிப்சரெவிச்சை வென்றார். இரண்டாவது வகை, இந்த ஊர் பிடித்துப்போய் மறுபடி மறுபடி வந்தவர்கள்.

அப்படிப் பிடித்துப்போனவர்களில் முதலிடம் யாருக்கு?

கோப்பைக் கணக்கில் ஸ்டான் வாவ்ரிங்கா. 2010-ல் இறுதியில் சிலிச்சிடம் தோற்றார். 2011-ல் வென்றார். பிறகு 2014, 2015, 2016 மூன்று வருடம் தொடர்ச்சியாக. நான்கு பட்டம், வேறு யாரும் எட்டாதது. அந்தக் கடைசி மூன்று வருடங்களில் ஒவ்வொன்றிலும் அவர் ஒரு கிராண்ட் ஸ்லாம் வென்றார் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்: 2014-ல் ஆஸ்திரேலியா, 2015-ல் பிரெஞ்சு, 2016-ல் அமெரிக்கா. சென்னையில் தேங்காய் உடைத்துவிட்டுப் போனால் வருடம் நன்றாக இருக்கும் என்று அவர் நம்பினாரோ என்னவோ. அவருடைய ஒற்றைக் கை பேக்ஹேண்டை நேரில் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆமாம், கேட்டவர்கள். மேல்வரிசையிலிருந்து பந்து சரியாகத் தெரியாது, அந்தச் சத்தம் வந்து சேரும்.

மனசுக் கணக்கில் எனக்கு பரடோர்ன் ஸ்ரீசபன். 2002 முதல் 2005 வரை நான்கு வருடம் வரிசையாக இறுதிக்கு வந்த தாய்லாந்து வீரர். ஜெயித்தது 2003-ல் மட்டும். ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், நான்கு பக்கமும் திரும்பிக் கைகூப்புவார். அவர் ஊர் வழக்கம் அது, நம் ஊர் வழக்கமும் அதுதான். அரங்கம் பதிலுக்குக் கைகூப்பிய மாலைகள் உண்டு. இந்திய வீரர் யாரும் மிச்சமில்லாத வருடங்களில் அவர்தான் எங்கள் ஆள்.

2005-ல் சுனாமிக்குப் பிறகும் போட்டி நடந்ததா?

நடந்தது. 2004 டிசம்பர் 26-ல் அலை வந்தது. அடுத்த வாரமே ஓப்பன். மெரினாவிலிருந்து மைதானம் சில கிலோமீட்டர்தான். விளையாட்டைப் பார்க்கப் போகலாமா என்று பல வீடுகளில் பேச்சு நடந்தது. அந்த வருடம் ஸ்பெயினின் கார்லோஸ் மோயா, ஸ்ரீசபனை மூன்று செட்டில் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். வென்ற பரிசுப் பணத்தை சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு மோயா ஆடும்போதெல்லாம் கைதட்டல் ஒரு படி கூடுதலாகவே இருந்தது. எதிரில் யார் என்பது பொருட்டில்லை.

2008-ல் நடாலுக்கு என்ன ஆயிற்று? எல்லாரும் அதையே பேசுகிறார்களே?

அதைச் சொல்லத் தனியாக ஒரு பக்கம் வேண்டும். முடிந்தவரை சுருக்குகிறேன்.

நடால் அப்போது உலகின் இரண்டாம் நிலை வீரர், மூன்று பிரெஞ்சு ஓப்பன் வென்றவர். முந்தைய வருடம், 2007-ல், இங்கே அரையிறுதியில் சேவியர் மலிஸ்ஸிடம் தோற்றிருந்தார் (மலிஸ் அந்த வாரம் ஒற்றையர், இரட்டையர் இரண்டையும் அள்ளிக்கொண்டு போனார்). அதனால் 2008-ல் ஊரே நடாலின் கோப்பைக்காகக் காத்திருந்தது.

அரையிறுதி, சனிக்கிழமை இரவு. எதிரில் மோயா. இருவரும் மயோர்கா தீவுக்காரர்கள். மோயா நடாலுக்கு அண்ணன் மாதிரி, பிற்காலத்தில் பயிற்சியாளராகவே ஆனார். முதல் செட் டைபிரேக்கரில் மோயாவுக்கு. இரண்டாவது டைபிரேக்கரில் நடாலுக்கு, அதுவும் தோல்வியின் விளிம்பிலிருந்து மேட்ச் பாயின்டுகளைத் தாண்டி. மூன்றாவதும் டைபிரேக்கர், நடாலுக்கு. 3 மணி 54 நிமிடம். மூன்றே செட் ஆட்டம், ஐந்து செட் நேரம்.

என்னிடம் அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லை. இறுதிக்குத்தான் வாங்கியிருந்தேன். பாலில் ஆடைதானே ருசி, கடைசி நாள் போனால் போதும் என்று கணக்குப் போட்ட புத்திசாலி நான். அரையிறுதியை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஒரு கட்டத்தில் அப்பா எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார், மறுபடி எழுந்து வந்து "இன்னுமா ஆடுறாங்க?" என்றார்.

மறுநாள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு நண்பனோடு போனேன். நீண்ட ஆட்டமாக இருக்கும், பசிக்கும் என்று. எதிரில் ரஷ்யாவின் மிக்கைல் யூஷ்னி. நடாலின் கால்கள் வரவில்லை. சனிக்கிழமை இரவில் எங்கேயோ விட்டுவிட்டு வந்தவர் போல நின்றார். 6-0, 6-1. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. யூஷ்னிக்கே சங்கடமாகிவிட்டது, நடால் சோர்ந்திருந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று வென்ற மனிதரே ஒப்புக்கொண்டார். டப்பாவைத் திறக்க நேரமில்லை. சாதத்தை வள்ளுவர் கோட்டத்து வாசல் பக்கம் வண்டியில் சாய்ந்தபடி சாப்பிட்டோம்.

நடால் அதற்குப் பிறகு சென்னை ஓப்பனில் ஆடவில்லை. 2009 ஜனவரியில் தோஹாவுக்குப் போனார்.

இந்தியர் யாராவது ஒற்றையர் பட்டம் வென்றதுண்டா?

இல்லை. மிக அருகில் போனவர் சோம்தேவ் தேவ்வர்மன், 2009-ல். சென்னையில் வளர்ந்து, அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் பெயர் எடுத்துத் திரும்பியவர். தரவரிசையில் 200-க்கு வெளியே, வைல்டு கார்டில், அதாவது நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியில், உள்ளே வந்தார். இரண்டு முறை சாம்பியனான மோயாவை வீழ்த்தினார். ஆறடி பதினோரங்குல உயர இவோ கார்லோவிச்சின் சர்வ்களைத் தாங்கி அவரையும் வீழ்த்தினார். அரையிறுதியில் ரைனர் ஷூட்லர் காயத்தால் ஆடாமல் விலக, நேராக இறுதி. அங்கே சிலிச் 6-4, 7-6 என்று முடித்துவிட்டார்.

அந்த வாரம் ஆட்டோக்காரர்கள்கூட ஸ்கோர் கேட்டார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டும் கேட்கும் கேள்வி அது. ஐந்து வருடம் கழித்து, 2014-ல், அதே சோம்தேவை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பியவர் இன்னொரு சென்னைப் பையன், ராம்குமார் ராமநாதன். அரங்கத்தில் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் எல்லாரும் இருவருக்கும் தட்டினோம்.

இரட்டையர் ஆட்டத்தை யாராவது பார்த்தார்களா?

சென்னையில் பார்த்தார்கள். மற்ற ஊர்களில் இரட்டையர் என்றால் பக்கத்து மைதானத்தில் நாற்பது பேர் முன்னால் நடக்கும். இங்கே அதற்கென்றே கூட்டம் வரும், காரணம் பயஸும் மகேஷ் பூபதியும். அவர்கள் சேர்ந்து வென்ற முதல் ஏடிபி பட்டமே 1997-ல் இந்த மைதானத்தில்தான். 1998, 1999 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றார்கள். 1999-ல் உலகின் முதலிடத்துக்கே போனார்கள். 2002-ல் நான்காவது. அப்புறம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன கதை ஊருக்கே தெரியும், அதை விடுங்கள். 2011-ல் மறுபடி சேர்ந்தபோது முதலில் வந்து நின்றது சென்னையில். ஐந்தாவது பட்டத்தையும் எடுத்தார்கள். நெஞ்சோடு நெஞ்சு மோதும் அந்தப் பழைய குதியைப் பார்த்துப் பக்கத்து இருக்கையில் இருந்த மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2012-ல் பயஸ், டிப்சரெவிச்சோடு சேர்ந்து ஆறாவதையும் சேர்த்துக்கொண்டார்.

டிக்கெட் வாங்குவது கஷ்டமா?

முதல் இரண்டு நாள் சுலபம், வார இறுதி கஷ்டம். விஷயம் தெரிந்தவர்கள் முதல் நாட்களில்தான் போவார்கள். வெளி மைதானங்களில் உலகின் ஐம்பதாவது இடத்துக்காரர் கைநீட்டினால் தொடும் தூரத்தில் ஆடுவார். சர்வ் எவ்வளவு வேகம் என்பது தொலைக்காட்சியில் தெரியாது, அங்கே தெரியும். பனி இறங்க இறங்கப் பந்து கனத்துப்போய் ஆட்டம் மெதுவாவதும் அங்கேதான் தெரியும். பந்து பொறுக்கும் பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள். எந்த வீரர் துண்டை மரியாதையாகக் கொடுப்பார், யார் வீசுவார் என்று அவர்களிடம் ஒரு தனித் தரவரிசை இருக்கும்.

கடைசி ஓப்பன் என்று 2017-ல் யாருக்காவது தெரிந்ததா?

பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது. 2016 டிசம்பர் ஊருக்கு நல்ல மாதமாக இல்லை. 5-ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார், 12-ஆம் தேதி வர்தா புயல் மரங்களைச் சாய்த்தது, பணமதிப்பிழப்பால் ஏடிஎம் வாசல்களில் வரிசை. அதற்கு நடுவே ஜனவரி 2-ல் போட்டி தொடங்கியது. முதல் நிலை வீரர் சிலிச் ஆரம்பச் சுற்றிலேயே வெளியேறினார். ஒற்றையர் இறுதியில் ஸ்பெயினின் ராபர்டோ பாட்டிஸ்டா அகுட், ஒல்லியான ஒரு ரஷ்யப் பையனை 6-3, 6-4 என்று வென்றார். அந்தப் பையனுக்கு அது முதல் ஏடிபி இறுதி. பெயர் டேனில் மெத்வதேவ். 2021-ல் அமெரிக்க ஓப்பன் வென்று, 2022-ல் உலகின் முதலிடத்துக்கு வந்தார்.

இரட்டையர் இறுதியில் நால்வருமே இந்தியர். ரோஹன் போபண்ணாவும் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் சேர்ந்து புரவ் ராஜா, திவிஜ் சரண் ஜோடியை வென்றார்கள். இந்த மைதானத்தைப் பார்த்தே வளர்ந்த இடதுகைக்காரர் ஜீவனுக்கு அது முதல் ஏடிபி பட்டம். இங்கே கொடுக்கப்பட்ட கடைசி இரட்டையர் கோப்பையில் ஒரு சென்னைப் பெயர் இருக்கிறது.

சரி, ஏன் போயிற்று?

போட்டி சென்னையுடையதாக இருந்ததே இல்லை என்பதால். ஏடிபி போட்டி என்பது மைதானமோ ஊரோ அல்ல. நாட்காட்டியில் ஒரு வாரமும் அதை நடத்தும் உரிமையும். அந்த உரிமை ஐஎம்ஜி என்ற பன்னாட்டு விளையாட்டு மேலாண்மை நிறுவனத்திடம் இருந்தது. தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் நடத்திக்கொடுத்தது, மைதானம் அரசுடையது. நாம் 21 வருடம் ஒரே வீட்டில் குடியிருந்து, சுவரில் ஆணி அடித்து, வாசலில் கோலம் போட்டு, அது வாடகை வீடு என்பதையே மறந்துபோனோம்.

2017 ஜூலையில் அறிவிப்பு வந்தது. மகாராஷ்டிர அரசின் ஆதரவோடு, மாநில டென்னிஸ் சங்கத்தோடு ஐந்து வருட ஒப்பந்தம், புனேயின் பாலேவாடி அரங்கம். இங்கே பெயர் கொடுத்துக்கொண்டிருந்த ஏர்செல் ஏற்கெனவே கடனில் தள்ளாடிக்கொண்டிருந்தது. 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. ஒரு 250 போட்டிக்கு வீரர்களின் வருகைத் தொகை, பரிசு, தங்குமிடம், ஒளிபரப்பு எல்லாம் டாலர் செலவு. டிக்கெட் காசு அதில் ஒரு ஓரத்தைத்தான் மூடும். மீதியை ஒரு பெரிய விளம்பரதாரரோ அரசோ போட வேண்டும். இங்கே 2017 முதல் பாதி அரசியல் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். டென்னிஸைப் பற்றி யோசிக்க அந்த நேரத்தில் கோட்டையில் யாருக்கும் நேரமிருந்திருக்காது என்பது என் ஊகம்.

"கூட்டம் குறைந்துவிட்டது, அதான் போயிற்று" என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். திங்கட்கிழமைக் கூட்டம் எந்த ஊரிலும் திங்கட்கிழமைக் கூட்டம்தான்.

புனேவில் நன்றாக நடந்ததா?

2018 முதல் டாடா ஓப்பன் மகாராஷ்டிரா என்ற பெயரில் நடந்தது. முதல் பட்டம் ஜில் சிமோனுக்கு, அடுத்தது கெவின் ஆண்டர்சனுக்கு. 2020-ல் பிப்ரவரிக்கு மாறியது, 2021-ல் கொரோனாவால் நடக்கவில்லை. 2023 ஜனவரியில் நெதர்லாந்தின் டாலன் க்ரீக்ஸ்பூர் வென்றதோடு அங்கேயும் முடிந்தது. 2024-ல் அந்த ஜனவரி முதல் வாரத்தில் ஹாங்காங் வந்து உட்கார்ந்தது. இன்று இந்தியாவில் ஆண்களுக்கான ஏடிபி சுற்றுப் போட்டி ஒன்றுகூட இல்லை. புனேக்காரர்கள் மேல் இருந்த பொறாமை அன்றோடு தீர்ந்தது. அவர்களும் நம்மைப் போலக் குடக்கூலிக்காரர்கள்தான்.

பெண்கள் போட்டி எப்படி வந்தது?

தமிழ்நாடு அரசு பணம் போட, விஜய் அமிர்தராஜ் தலைமையில் டென்னிஸ் சங்கம் 2022 செப்டம்பரில் டபிள்யூடிஏ 250 போட்டியை நடத்தியது. செக் குடியரசின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா, போலந்தின் மக்டா லினெட்டை மூன்று செட்டில் வென்றார். 2025-ல் அக்டோபர் கடைசியில் மறுபடி. அக்டோபர் கடைசி சென்னையில் என்ன காலம் என்று சொல்ல வேண்டியதில்லை; மழை தன் பங்கை ஆடியது. ஆனாலும் முடித்தார்கள். இந்தோனேசியாவின் ஜானிஸ் ட்ஜென் வென்றார், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை நேர் செட்டில்.

இதைப் பழைய ஓப்பனின் தொடர்ச்சி என்று சொல்லலாமா? மைதானம் அதே, பெயர் அதே, நாற்காலியில் உட்காரும் மாமிகளும் மாமாக்களும் அதே. நாட்காட்டி வேறு, உரிமை வேறு. பதிவேட்டில் தனித்தனி. என் கணக்கில் தங்கை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆண்கள் ஏடிபி போட்டி திரும்ப வருமா?

அதற்கு, நாட்காட்டியில் இடம் வைத்திருக்கும் யாராவது அதை விற்க வேண்டும், அல்லது வாடகைக்கு விட வேண்டும். அதற்குள் ஜனவரியில் ஏங்குபவர்கள் சேலஞ்சருக்குப் போகலாம். 2024 பிப்ரவரியில் சுமித் நாகல் இதே நுங்கம்பாக்கத்தில் பட்டம் வென்று, அதன் மூலம் உலகின் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். கூட்டம் அதிகமில்லாத அரங்கில் முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும். சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் முதல் செட் முடிவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.